மேலே போயிருக்கிறார்

“உங்க புருஷன் செத்துட்டாரும்மா” என்றாள் டாக்டர் தவசீலி.

அவள் வாய் சொன்னது அதுதான். ஆனால் அவள் காதுக்குள் இருந்த செவிமணி, அவளுடைய குரலிலேயே, அதே தழதழப்போடு வேறொன்றைச் சொன்னது: “உங்க புருஷன் மேலே போயிருக்காரும்மா.”

எதிரே நின்ற மாரிக்கனிக்கும் அதுதான் கேட்டது. அவ்வளவு நேரமும் முந்தானையைச் சுருட்டிப் பிடித்திருந்த கை தளர்ந்தது. முகத்தில் ரத்தம் திரும்பியது.

“அப்பாடா! மேல போயிட்டாவளா? ஏழாம் கதவுல என்னமோ ஆச்சுன்னு சொன்னதும் எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு டாக்டரம்மா. மேல பெரிய ஆஸ்பத்திரியில வச்சுப் பாத்தா சரியாயிரும்லா?”

சுவருக்கு அந்தப் பக்கம் வெயில்முத்து இரும்புக் கட்டிலில் கிடந்தான். காதிலிருந்தும் மூக்கிலிருந்தும் வழிந்த ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. அதை இன்னும் யாரும் துடைக்கவில்லை.

“எப்ப வருவாவ?”

“அவர் வரமாட்டாரும்மா.”

இந்த வாக்கியத்தைச் செவிமணி தொடவில்லை. தொடத் தேவையும் இல்லை. மேலே போன யாரும் நீர்க்கோட்டைக்குத் திரும்புவது கிடையாது. ஒரு தடவை மேலேறிய உடம்பை மறுபடி ஆழத்துக்கு இறக்கக்கூடாது என்பது கம்பெனி விதி. மாரிக்கனிக்கும் அது தெரியும்.

“அது சரிதான். ஒப்பந்தம் முடிஞ்சதும் நானும் மேல போயிருவேன்லா. அதுவரைக்கும் அவுக துணிமணிய கட்டி அனுப்பணும். மேல காத்து குளிருமாமே?”

சொல்லிவிட்டு அவள் போனாள். சட்டைகளை மடித்து வைப்பதற்காகப் போகிறாள் என்று நினைத்ததும் தவசீலிக்குக் கோபம் பொங்கியது. பக்கத்தில் இருந்த தகர அலமாரியை ஓங்கி உதைத்தாள். அந்தச் சத்தம்கூட அவளுக்குக் கேட்கவில்லை.

நீர்க்கோட்டையில் எந்தச் சத்தமும் நேராகக் காதில் விழாது. கடலின் அடித்தரையில், உலோகம் தோண்டுவதற்காகக் கட்டிய ஊர் அது. ஊர் என்றால் இரும்புக் குழாய்களும் கூண்டுகளும்தான். எங்கே அடைத்தாலும் எங்கோ ஒரு மூட்டில் தண்ணீர் கசியும். அதை இறைத்து வெளியே தள்ள ராட்சத பம்புகள் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். அந்த இரைச்சலில் வெறுங்காதோடு கொஞ்ச காலம் இருந்தாலே செவிடாகிவிடுவார்கள். அதனால் எல்லோரும் காதில் செவிமணியை அழுத்திக்கொண்டு திரிவார்கள். அது இரைச்சலை அடைத்துவிட்டு, பேசுகிறவர் சொல்வதை மட்டும் அவர் குரலிலேயே திரும்பச் சொல்லும். முதலில் அவ்வளவுதான் செய்தது.

பிறகு ஒரு வெள்ளம் வந்தது. அதற்குப் பிறகு சாவைக் குறிக்கும் சொல் எதுவாக இருந்தாலும் செவிமணி அதை விழுங்கிவிட்டு, ‘மேலே போயிருக்கிறார்’ என்று சொல்லத் தொடங்கியது. சுவர்த்திரையிலும் கைப்பலகையிலும் எழுதினாலும் அப்படித்தான் மாறும். நிஜமாகவே மேலே போகிறவர்களும் உண்டு. எலும்பு முறிந்தவர்கள், ஒப்பந்தம் முடிந்தவர்கள். அவர்களுக்கும் அதே சொல். மேலேறும் கூண்டும் ஒன்றுதான். மேலிருந்து அவ்வப்போது செய்திகள் வரும்: ‘நலம். உடம்பைப் பார்த்துக்கொள்.’ உயிரோடு இருந்தவனும் அதைத்தான் எழுதினான், செத்தவனும் அதைத்தான் எழுதினான்.

ஜனங்களுக்குத் தெரியாதா என்றால், தெரியும். தெரியவும் தெரியாது. மேலே போயிருக்கிறார் என்று கேட்டதும் நெஞ்சு ஒரு கணம் திக்கென்று நிற்கும். அப்புறம், நம்மவர் நிஜமாகவே போனவராகத்தான் இருப்பார் என்று தேற்றிக்கொள்ளும். ஒவ்வொருவரும் அப்படித்தான் தேற்றிக்கொண்டார்கள். அதை உடைத்துச் சொல்லத் துணிந்தவர் தவசீலிக்கு முன்னால் இருந்த டாக்டர். ஆவி படிந்த கண்ணாடியில் விரலால் ஒரு விதவைக்கு எழுதிக் காட்டினார். அடுத்த கூண்டிலேயே அவரும் மேலே போய்விட்டார் என்றார்கள். எந்த ‘மேலே’ என்று யாருக்கும் தெரியவில்லை.

தவசீலி அன்றைக்கே நல்வாழ்வு இயக்குநர் ஆதிகேசவனின் அறைக்குப் போனாள்.

அந்த அறை வேறு உலகம். சுவர்களில் கனமான பஞ்சுமெத்தை பதித்திருந்தது. கதவை மூடியதும் பம்புகளின் இரைச்சல் அறுந்து விழுந்தது. உள்ளே யாரும் செவிமணி போட்டுக்கொள்ள வேண்டியதில்லை. ஊர் முழுவதிலும் ஒரு மனுஷன் இன்னொரு மனுஷனிடம் நினைத்ததை நினைத்தபடி சொல்லக்கூடிய அறைகள் மூன்றோ நான்கோதான் இருந்தன. எல்லாம் அதிகாரிகளுடையவை.

தவசீலி செவிமணியைப் பிடுங்கி மேசைமேல் போட்டாள்.

“வெயில்முத்து செத்துட்டான். போன வாரம் ரெண்டு பேர் செத்தாங்க, அதுக்கு முன்னாலயும் செத்தாங்க. எல்லாரும் ஏழாம் கதவு வழியா வெளியே கடலுக்குள்ள தோண்டப் போனவங்க. அந்தக் கதவோட வால்வு பழுது. ஆள் கூண்டுக்குள்ள நிக்கும்போதே அழுத்தம் சரசரன்னு இறங்கிடுது. நுரையீரல் வெடிச்சுச் சாகுறாங்க.”

ஆதிகேசவன் ஒல்லியான மனிதர். கோபப்பட்டுப் பேசி யாரும் பார்த்ததில்லை. “உட்காருங்க டாக்டர்” என்றார். “இதை நீங்க பொறியியல் பிரிவுக்கு எழுதியிருக்கலாமே?”

“எழுதினேன் சார். ‘ஏழாம் கதவு ஆளைக் கொல்லுது’ன்னு எழுதினேன். அவங்க திரையில என்ன தெரிஞ்சிருக்கும்னு நினைக்கிறீங்க? ‘ஏழாம் கதவு ஆளை மேலே அனுப்புது.’ என்ன பதில் வந்தது தெரியுமா? ‘மகிழ்ச்சி. தொடர்ந்து சிறப்பாக இயங்கட்டும்.’”

அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“வெள்ளம் வந்த அன்னிக்கு நீங்க இங்க இல்லை. நான் இருந்தேன். தண்ணி முழங்கால் வரைக்கும்கூட வரலை. எவனோ ஒருத்தன் ‘எல்லாரும் சாகப்போறோம்’னு கத்தினான். அவ்வளவுதான். அத்தனை சனமும் ஒரே படிக்கட்டுல ஏறிச்சு. தண்ணியில செத்தவங்களைவிட அந்தப் படிக்கட்டுல மிதிபட்டுச் செத்தவங்கதான் அதிகம். என் மனைவியை நான் அந்தப் படியிலேருந்துதான் தூக்கிட்டு வந்தேன்.” கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். “ஒரு சொல், டாக்டர். அந்தச் சொல் மட்டும் காதுல விழாம இருந்திருந்தா அவ இருந்திருப்பா. அதனாலதான் அதை எடுத்தோம். அந்த வாக்கியத்தை எழுதினதே நான்தான். மேலே போயிருக்கிறார். யாரையும் புண்படுத்தாத வாக்கியம்.”

“உங்க மனைவி செத்தது உங்களுக்குத் தெரியும். நீங்க அழுதீங்க. காரியம் பண்ணினீங்க. மாரிக்கனி சட்டை மடிச்சிட்டிருக்கா.”

“நிம்மதியா மடிச்சிட்டிருக்கா.”

“சார்!” அவள் மேசையை அறைந்தாள். “அந்த நிம்மதியில அவ தம்பியை நாளைக்கு அதே கதவுக்கு அனுப்புவா. புருஷன் செத்தான்னு தெரிஞ்சா அனுப்புவாளா? ஒருத்தரும் சாகாத ஊர்ல எந்தக் கதவை எவன் பழுது பார்ப்பான்?”

“அந்தக் கதவை மூடினா சுரங்கம் பாதி நின்னுடும். உதிரி பாகத்துக்கு மேலே சொல்லியிருக்கேன். வரும்.” அவர் செவிமணியை எடுத்து அவளிடம் நீட்டினார். “மெத்தை போட்ட அறையில உட்கார்ந்து துக்கப்படுறது சுலபம் டாக்டர். வெளியே இருக்கிறவங்களுக்கு அது கட்டுப்படியாகாது.”

“மெத்தை போட்ட அறையில உட்கார்ந்திருக்கிறது நான் இல்லை” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள்.

திரும்பி வருகிற வழியெல்லாம் உள்ளங்கை எரிந்தது. ரேஷன் கூண்டின் வாசலில் ஒரு பெண் அளந்து போடுகிறவனிடம் சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். “முந்தி எவ்வளவு நல்ல அரிசியா இருந்துச்சு! இப்ப பாரு, கல்லும் குருணையும்.” தவசீலி தாண்டிப் போனாள். பிறகு நின்றாள்.

இருந்துச்சு.

செவிமணி அதைத் தொடவில்லை. நல்ல அரிசி போய்விட்டது, இனிமேல் இல்லை என்பதை அந்தப் பெண் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்! கம்பெனி எல்லாச் சொல்லையும் எடுத்துக்கொண்டது. காலத்தை எடுக்க மறந்துவிட்டது.

மாரிக்கனியின் கூண்டில் துணி மூட்டை பாதி கட்டியிருந்தது. மேலே ஒரு கருவாட்டுப் பொட்டலம்.

“வாங்க டாக்டரம்மா. இதையும் சேத்து அனுப்பலாமான்னு பாக்கேன். அவுகளுக்குக் கருவாட்டுக் கொழம்புன்னா உசுரு.”

“உசுரா இருந்துச்சு” என்றாள் தவசீலி.

“ஆமா, இப்பமும்தான்.”

“இப்ப இல்ல மாரிக்கனி. இருந்துச்சு.” அவள் கீழே உட்கார்ந்து மாரிக்கனியின் கைகளைப் பிடித்துக்கொண்டாள். “வெயில்முத்து நல்ல மனுஷனா இருந்தாரு. உன்மேல ரொம்பப் பிரியமா இருந்தாரு. தைரியசாலியா இருந்தாரு.”

மாரிக்கனி புரியாமல் பார்த்தாள். உதடு லேசாகத் திறந்தது. இந்த அம்மா ஏன் இப்படிப் பேசுகிறாள் என்று நெற்றி சுருங்கியது. பிறகு சுருக்கம் மெல்லக் கலைந்தது. அவளுடைய கைகள் குளிர்ந்துபோவதைத் தவசீலியால் உணர முடிந்தது.

“டாக்டரம்மா, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அவுக இருக்காவளா, இருந்தாவளா?”

“இருந்தாரு.”

மாரிக்கனி அழவில்லை. கட்டிய மூட்டையை மெதுவாக அவிழ்த்தாள். ஒரு சட்டையை எடுத்து முகத்தில் வைத்து மூச்சை இழுத்தாள். பிறகு நிமிர்ந்தபோது கண் சிவந்து காய்ந்திருந்தது.

“ஏழாம் கதவுதானே?”

“அதேதான்.”

“செங்கோடி புருஷன்? அவுகளும் அந்தக் கதவுலதான் போனாவ. போன மாசம்கூட நலம்னு சேதி வந்துச்சே.”

“அவரும் இருந்தாரு மாரிக்கனி.”

“பாவி மட்டைகளா” என்றாள் மாரிக்கனி. யாரைச் சொன்னாள் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. “அப்ப அந்தச் சேதிய எழுதுனது எவன்?”

அவள் நேராகச் செங்கோடியின் கூண்டுக்குப் போனாள். அதன் பிறகு தவசீலியின் மருத்துவக் கூண்டு வாசலில் வரிசை நின்றது. யாருக்கும் காய்ச்சல் இல்லை, தலைவலி இல்லை. ஒவ்வொருவராக உள்ளே வருவார்கள். ஒரு பெயரைச் சொல்வார்கள். “இருக்காவளா, இருந்தாவளா?” அவ்வளவுதான் கேள்வி. தவசீலி வைத்தியம் பார்த்தவர்கள், பிணமாகப் பார்த்தவர்கள் எல்லோரும் அவள் நினைவில் இருந்தார்கள். “இருக்காரு” என்றால் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு சிரித்தபடி போவார்கள். “இருந்தாரு” என்றால் கொஞ்ச நேரம் அந்த முக்காலியிலேயே உட்கார்ந்திருப்பார்கள். ஒரு முதியவர் தன் மகன் பெயரைச் சொன்னார். பதிலைக் கேட்டதும், “தெரியும்மா. யாராவது சொல்லட்டும்னுதான் காத்துக்கிட்டு இருந்தேன்” என்று கும்பிட்டுவிட்டுப் போனார். அந்தக் கும்பிடு தவசீலியை அறைந்தது. ஒரு தகப்பன், மகன் செத்ததைச் சொன்னதற்காக நன்றி சொல்கிறான். இந்த நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்களே!

பம்புக் கூடத்தின் மேஸ்திரி தளவாய், மாரிக்கனியின் மூத்த அண்ணன். அவனும் வந்தான். தன் ஆட்களில் ஏழாம் கதவுப் பக்கம் மாற்றலாகிப் போனவர்களை ஒவ்வொருவராகச் சொன்னான். கடைசிப் பதிலைக் கேட்டுவிட்டு எழுந்தவன், “இனிமே எங்க ஆளு ஒருத்தனும் அந்தக் கதவுப் பக்கம் போகமாட்டான்” என்று மட்டும் சொன்னான்.

கம்பெனி சும்மா இருக்கவில்லை. கைது செய்யவில்லை, மிரட்டவில்லை. அதெல்லாம் அவர்கள் பாணி இல்லை. ஒரு காலையில் வரிசையில் முதலில் நின்ற பெண் உள்ளே வந்து கேட்டாள்: “எங்க அக்கா மவன் இருக்கானா, இருக்கானா?”

“என்னம்மா?”

“இருக்கானா, இருக்கானா?” அந்தப் பெண்ணுக்கே தன் குரல் திகைப்பாக இருந்தது. அவள் வாய் சொன்னது வேறு என்பது உதடு அசைந்ததிலேயே தெரிந்தது.

“இருந்தான்” என்றாள் தவசீலி. “இருக்கான்” என்றது அவள் காது.

இறந்தகாலத்தை எடுத்துவிட்டார்கள். மனிதர்களைப் பற்றிய பேச்சில் மட்டும் எடுக்கச் சொல்லியிருப்பார்கள் போல. இயந்திரத்துக்கு மனிதர் எது, அரிசி எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அது மொத்தமாக வாரிக்கொண்டது. அன்றிலிருந்து நீர்க்கோட்டையில் யாரும் நேற்று சாப்பிடவில்லை, போன வருஷம் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். கல்யாணம் நடந்துகொண்டே இருந்தது. சின்னப் பிள்ளைகள் அதை விளையாட்டு என்று நினைத்து, மாற்றி மாற்றிச் சொல்லிச் சிரித்தன.

தவசீலிக்குச் சிரிப்பு வரவில்லை. சர்க்கரை நோயாளி ஒருவருக்கு நர்ஸ் ரோஸ்லின் ஊசி போட்டுவிட்டு வந்து, “ஊசி போட்டுட்டேன் டாக்டர்” என்றாள். தவசீலிக்கு, “ஊசி போடுறேன் டாக்டர்” என்று கேட்டது. “நீ அந்தக் கட்டிலைப் பாரு, நானே போடுறேன்” என்று சொல்லி மறுபடியும் போட்டாள். சற்று நேரத்தில் அந்த மனிதர் வேர்த்து விறுவிறுத்துக் கட்டிலிலிருந்து சரிந்தார். குளுக்கோஸ் ஏற்றி, கன்னத்தைத் தட்டி, எப்படியோ இழுத்துப் பிடித்துவிட்டார்கள். அவர் கண் திறந்த பிறகு தவசீலி மூலையில் போய் நின்றுகொண்டு இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய கையாலேயே ஒரு கொலை செய்ய வைத்திருப்பார்கள். செய்திருந்தால் அதையும் மேலே அனுப்பியதாகத்தான் சொல்லியிருப்பார்கள்.

அன்றைக்கே ஏழாம் கதவிலிருந்து இன்னொருவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தளவாயின் ஆட்கள் போக மறுத்ததால் பயிற்சிக்காரர்களை அனுப்பியிருந்தார்கள். இருபது வயதுதான் இருக்கும். ஒரு பக்க நுரையீரல் சுருங்கிப்போயிருந்தது. ஆனால் மூச்சு இருந்தது. தவசீலி விலாவில் குழாய் இறக்கிக் காற்றை வெளியேற்றினாள். பையன் அவள் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்துக்கொண்டு கெட்ட வார்த்தை சொன்னான். அவளுக்கு அதைக் கேட்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. “திட்டுடா, நல்லாத் திட்டு” என்றாள். மேலே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் பிழைத்துக்கொள்வான். கூண்டில் ஏற்றி, கதவை இறுக்கி அனுப்பிவைத்தாள். அந்தப் பயணம் மெதுவானது. அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைய வேண்டும். மேலே போய்ச் சேரும்வரை கூண்டோடு பேச வழியில்லை.

பெயரைப் பதியும்போதுதான் கவனித்தாள். நிரஞ்சன். தகப்பனார் ஆதிகேசவன்.

‘உயிரோடு இருக்கிறார், சிகிச்சைக்கு மேலே போகிறார்’ என்று எழுதினாள். திரை யோசித்தது. ‘மேலே போயிருக்கிறார்’ என்று சுருக்கி அனுப்பியது.

இதைத் தகப்பன் எப்படிப் படிப்பான் என்று அவளுக்குத் தெரியும். எழுந்து போய், அந்த மெத்தை அறையின் கதவைத் தட்டி, ‘பயப்படாதீங்க, பையன் பிழைச்சுட்டான்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எழுந்தாள்கூட. பிறகு, மாரிக்கனி கருவாட்டைப் பொட்டலம் கட்டியது நினைவுக்கு வந்தது. படிக்கட்டும், அவரும் அதையே படிக்கட்டும் என்று உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் பம்புகள் நின்றன.

முதலில் என்ன நடந்தது என்றே யாருக்கும் புரியவில்லை. காலடியில் எப்போதும் இருந்த நடுக்கம் நின்றதும், பூமி நழுவியது போலச் சனங்கள் சுவரைப் பிடித்துக்கொண்டார்கள். நடைக்கூடத்தில் தளவாயும் அவன் ஆட்களும் நடந்து வந்தார்கள். காதைக் காட்டிச் சைகை செய்தார்கள். கழற்றுங்கள்.

தவசீலி செவிமணியைக் கழற்றினாள். தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது. எங்கோ ஒரு குழந்தை சிணுங்கியது. மூச்சுவிடும் சத்தம், செருப்பு உரசும் சத்தம், வளையல் சத்தம். இந்த ஊரில் பிறந்த பிள்ளைகள் தங்கள் தாயின் குரலை இயந்திரம் இல்லாமல் முதல்தடவையாகக் கேட்டார்கள். ஒரு சிறுமி பயந்துபோய் அம்மாவின் வாயைத் தொட்டுப் பார்த்தாள்.

பெரிய கூடத்தில் எல்லோரும் கூடிவிட்டார்கள். தரையில் தண்ணீர் பாதம் நனைய நின்றது. மாரிக்கனி நடுவில் வந்து நின்றாள். வாயைத் திறந்தாள். நாக்கு அந்தச் சொல்லைத் தேடியது.

“என் புருஷன் வெயில்முத்து” என்றாள். “செத்துட்டாவ.”

சொன்னது சொன்னபடி கேட்டது. அவளே அதைக் கேட்டாள். அதுவரைக்கும் இறுகியிருந்த முகம் உடைந்தது. “செத்துட்டாவளே! என் ராசா செத்துட்டாவளே!” என்று தண்ணீரில் அப்படியே உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு கதறினாள். செங்கோடி ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு தன் புருஷன் பெயரைச் சொன்னாள். அப்புறம் அந்த முதியவர். அப்புறம் இன்னொருவர். கூடமெங்கும் பெயர்கள் எழுந்தன. அழுகை என்றால் அது வெறும் அழுகையாக இல்லை. ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு வசவு வந்தது. கதவைத் திட்டினார்கள், கம்பெனியைத் திட்டினார்கள், நலம் என்று செய்தி எழுதிய கையைத் திட்டினார்கள். வருஷக்கணக்கில் தொண்டையில் நின்றதெல்லாம் ஒரே நேரத்தில் வெளியே வந்தது. தண்ணீர் கணுக்காலைத் தாண்டியது. யாரும் படிக்கட்டுப் பக்கம் ஓடவில்லை. ஒருவரும் ஒருவரை மிதிக்கவில்லை.

தவசீலி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ‘ஒரு சொல், டாக்டர்’ என்று சொன்னாரே அந்த மனிதர், இங்கே வந்து பார்க்கட்டும் என்று நினைத்தாள்.

அவர் வந்தார்.

தண்ணீரில் கால்சட்டை நனைய, வெறுங்காதோடு, ஆதிகேசவன் நடந்து வந்தார். கூட்டம் அமைதியாகி வழிவிட்டது. தளவாய் குறுக்கே நின்றான்.

“ஏழாம் கதவை இப்பவே இரும்புத் தகடு பத்தவச்சு அடைக்கணும். வேற வால்வு வர்றவரைக்கும் திறக்கக்கூடாது. காதுல இருக்கிறது இரைச்சலை மட்டும்தான் அடைக்கணும், எங்க பேச்சுல கை வைக்கக்கூடாது. அதுக்குச் சரின்னு சொன்னாத்தான் பம்பு ஓடும்.”

“அடைச்சிடுங்க” என்றார் ஆதிகேசவன்.

“பேச்சு?”

“எடுத்துடச் சொல்றேன். முதல்ல பொறியாளர் திரையிலேருந்து எடுத்துடுவாங்க. செவிமணிகளுக்கு ஒரு வாரம் ஆகும். எழுதித் தர்றேன். என்ன வேணும்னாலும் தர்றேன்.”

இவ்வளவு சுலபமாகக் கிடைக்கும் என்று தளவாய் எதிர்பார்க்கவில்லை. சந்தேகத்தோடு தங்கையைப் பார்த்தான். ஆனால் ஆதிகேசவன் அவனைப் பார்த்துப் பேசவேயில்லை. அவர் கண்கள் கூட்டத்தில் தவசீலியைத் தேடிக்கொண்டிருந்தன. கண்டதும் தண்ணீரை விலக்கிக்கொண்டு அவளிடம் வந்தார். நேற்றிலிருந்து தூங்காத முகம்.

“டாக்டர்” என்றார். “என் பையன் நிரஞ்சன். இருக்கானா, இருந்தானா?”

தவசீலிக்கு உள்ளே ஒரு குரூரமான திருப்தி தலைதூக்கியது. உடனே அது கசந்தது.

“இருக்கான் சார். உயிரோடதான் இருக்கான். ஒரு நுரையீரல் சுருங்கிடுச்சு, சரிபண்ணிட்டேன். மேலே போயிருக்கான்.”

ஆதிகேசவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை மெல்ல இடவலமாக ஆட்டினார்.

“என்கிட்ட அப்படிச் சொல்லாதீங்க டாக்டர். நான் தாங்கிக்குவேன்.”

“உண்மையாத்தான் சொல்றேன். என் கையைப் பாருங்க, அவன் நகம் பதிஞ்ச தடம்.” அவள் மணிக்கட்டை நீட்டினாள். “கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினான் சார். கூண்டுல ஏத்தும்போதுகூட முழிச்சிட்டிருந்தான். இன்னும் சில நாள்ல மேலே போய்ச் சேர்ந்திடுவான். அவனே பேசுவான்.”

“செய்தி வரும். நலம், உடம்பைப் பார்த்துக்கொள்ளுன்னு வரும்.” அவர் சிரிப்பது போல ஏதோ செய்தார். “பேசுற குரலையும் செய்யத் தெரியும் எங்களுக்கு. உங்க காதுல இத்தனை வருஷமா அதுதானே பேசிச்சு?”

மாரிக்கனி எழுந்து வந்தாள். புடவை முழுக்க ஈரம். அழுத முகத்தோடு அவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். திட்டுவாள் என்றுதான் தவசீலி நினைத்தாள்.

“டாக்டரம்மா பொய் சொல்ல மாட்டாவ சார்” என்றாள். “எனக்குச் சொன்னாவல்லா, அது மாதிரி உங்களுக்கும் உள்ளதத்தான் சொல்லுதாவ. உங்க மவன் இருக்கான். நம்புங்க.”

“நம்பணும்மா” என்றார் அவர். “எப்படி நம்புறதுன்னு சொல்லு.”

தண்ணீர் முழங்காலை நெருங்கிவிட்டது. தளவாய் தன் ஆட்களுக்குக் கையசைத்தான். ஏழாம் கதவின் பக்கம் பற்றவைக்கும் நெருப்புப் பொறி பறந்தது. பம்புகள் ஒவ்வொன்றாக உறுமத் தொடங்கின. தாய்மார்கள் பிள்ளைகளின் காதில் செவிமணியைத் திணித்தார்கள். இரைச்சல் கூடிக்கொண்டே வந்தது. ஆதிகேசவனும் பையிலிருந்து தன்னுடையதை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். வைத்துக்கொண்டு மறுபடியும் தவசீலியைப் பார்த்தார். இன்னொரு தடவை கேட்டார். வாய் அசைந்தது.

தவசீலியும் தன் செவிமணியை அழுத்திக்கொண்டாள். அவருடைய இரண்டு தோள்களையும் பிடித்துக்கொண்டாள். கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஒரு தகப்பன் நம்பும்படி ஏதாவது சொல்ல வேண்டும் என்று மட்டும்தான் இருந்தது. தெரிந்த சொற்களையெல்லாம் மனசுக்குள் புரட்டிப் பார்த்தாள். ‘இருக்கான்’ என்றாலும் ‘இருந்தான்’ என்றாலும் செவிமணி இன்னும் ஒன்றைத்தான் சொல்லும்.

“மேலே போயிருக்கான் சார்” என்றாள்.

அவள் சொன்னதும் அதுதான், அவர் காதில் விழுந்ததும் அதுதான். அன்றைக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்தன. அவர் தண்ணீருக்குள் மண்டியிட்டு உட்கார்ந்து, செத்துப்போகாத மகனுக்காக அழத் தொடங்கினார்.